திட்டியதை மேடையில் வாசித்தால் சிரிப்பார்களா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. சேலத்தில் நீங்கள் ஏழெட்டு நண்பர்கள் சேர்ந்து ஒரு மணி நேர நிகழ்ச்சி தயாரிக்கிறீர்கள், மே மாதம் ஏற்காட்டில் மேடையேற்ற ஆசை. பீத்தோவன், ஷோபான், சைக்கோவ்ஸ்கி போன்ற மேற்கத்திய இசையமைப்பாளர்களை அவர்கள் காலத்துப் பத்திரிகை விமரிசகர்கள் கிழித்துத் தொங்கவிட்டதைத் தமிழில் வாசித்துச் சிரிக்க வைப்பது திட்டம். இந்த இசை கேட்டுப் பழகாத நம் ஊர்க்காரர்கள் சிரிப்பார்களா, கர்நாடக சங்கீத விமரிசனங்களையும் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு சந்தேகமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவரை முன்பின் தெரியாத இன்னொருவர் திட்டினால் நமக்கு ஏன் சிரிப்பு வர வேண்டும்?

நான் ஏற்காட்டில் ஓர் உறைவிடப் பள்ளியில் இருபத்தாறு வருஷம் பியானோ சொல்லிக்கொடுத்தவன். ஆண்டு விழா நாடகமும் என் தலையில்தான் விழும். நீங்கள் சொல்கிற மாதிரி நிகழ்ச்சியை மலைமேல் நான்கு தடவையும் கீழே சேலத்தில் இரண்டு தடவையும் செய்திருக்கிறேன். அதில் இரண்டு படுதோல்வி. ஆகவே மேற்கத்திய இசை, மேடை இரண்டிலும் நான் சொல்வதை ஓரளவு நம்பலாம். கர்நாடக சங்கீதத்தில் நான் ரசிகன் மட்டும்தான், சட்டத்தில் அதுவும் இல்லை. அந்த இரண்டு விஷயத்திலும் தெரிந்தவர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரடிப் பதில்: சிரிப்பார்கள். ஆனால் திட்டுக்காகச் சிரிக்க மாட்டார்கள். திட்டு வாங்கிய இசையை அதே மேடையில், அடுத்த நிமிஷமே காதில் போட்டால்தான் சிரிப்பு வரும். இசை இல்லாமல் வெறும் வசையை மட்டும் வாசித்தால் அது குழாயடிச் சண்டையைப் பக்கத்துத் தெருவிலிருந்து கேட்கிற மாதிரி. சத்தம் வரும், விஷயம் வராது.

முதல் தடவை எனக்கு இது தெரியவில்லை. பிளஸ் ஒன் பையன் ஒருவனுக்குப் பஞ்சுத் தாடி ஒட்டி, ஒற்றைக் கண்ணாடி மாட்டி, கீச்சுக் குரலில் வாசிக்க வைத்தேன். தாடியைப் பார்த்து அரை நிமிஷம் சிரித்தார்கள். அப்புறம் இருமல் சத்தம்தான் கேட்டது. மறுநாள் பெற்றோர்களுக்கான காட்சி. டிசம்பர் பனியில் தாடி நனைந்துபோய் ஒட்டவே இல்லை. வேறு வழியில்லாமல் அவன் பள்ளிச் சீருடையிலேயே வந்து, ரேங்க் கார்டு வாசிக்கிற தலைமை ஆசிரியர் மாதிரி முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் வாசித்தான். இரண்டாவது வரியிலேயே அரங்கம் குலுங்கியது. போதாக்குறைக்கு அன்றைக்கு நான் ஒரு வயலின்காரரையும் மேடையில் உட்கார வைத்திருந்தேன்.

அவன் வாசித்தது எடுவார்ட் ஹான்ஸ்லிக் எழுதியது. 1881 டிசம்பரில் வியன்னாவில் அடால்ஃப் பிராட்ஸ்கி என்பவர் சைக்கோவ்ஸ்கியின் வயலின் கான்செர்ட்டோவை, அதாவது ஒற்றை வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை, முதல் தடவையாக வாசித்தார். ஹான்ஸ்லிக் அந்த ஊரின் பெரிய விமரிசகர். இங்கே வயலின் வாசிக்கப்படவில்லை, இழுக்கப்படுகிறது, கிழிக்கப்படுகிறது, அடித்துக் கன்றிப்போகிறது என்கிற ரீதியில் எழுதினார். கடைசியில், சில ஓவியங்கள் கண்ணுக்கு நாறுகின்றன என்று ஒருவர் சொன்னதை எடுத்துக்கொண்டு, காதுக்கு நாறுகிற இசையும் உண்டு என்ற பயங்கர எண்ணத்தை இந்தக் கான்செர்ட்டோ நமக்குத் தருகிறது என்று முடித்தார். இன்றைக்கு உலகத்தில் அதிகம் வாசிக்கப்படும் வயலின் கான்செர்ட்டோக்களில் அது ஒன்று. ஹான்ஸ்லிக் பெயரைச் சொன்னால் முதலில் ஞாபகத்துக்கு வருவதோ இந்த நாற்றம்தான்.

இந்த இடத்தில் ஓர் அழுகுணி ஆட்டத்துக்கு ஆசை வரும், எனக்கும் வந்தது. வசையை வாசித்துவிட்டு அந்தக் கான்செர்ட்டோவின் இரண்டாம் பகுதியை, அந்த உருக்கமான மெட்டை, வாசித்தால் கைத்தட்டல் நிச்சயம். ஆனால் அந்தப் பகுதியைப் பற்றி ஹான்ஸ்லிக்கே நல்ல வார்த்தை எழுதியிருக்கிறார். அவரைக் கோபப்படுத்தியது மூன்றாம் பகுதி. அதில் அவருக்கு ரஷ்யத் திருவிழாக் குடிகாரர்களும் மலிவுச் சாராய வாடையும்தான் தெரிந்தன. எனவே அதைத்தான் வாசிக்க வேண்டும். அப்போது ஒன்று நடக்கும். கேட்கிறவர்களுக்கு ஹான்ஸ்லிக்குக்குக் கேட்ட அதே முரட்டுத்தனமும் கேட்கும், அது பிடித்தும் போகும். சிரிப்பு அந்த இரண்டுக்கும் நடுவில் பிறக்கிறது.

எல்லாருக்கும் பிடிக்கும் என்றும் நினைக்காதீர்கள். சேலத்தில் ஒரு தடவை ஆர்வக்கோளாறில் ஸ்ட்ராவின்ஸ்கியை, 1913-ல் பாரிஸில் முதல் நாளே அரங்கத்தில் ரகளை நடந்ததே அந்த இசையை, ஒலிபெருக்கியில் போட்டேன். முன்வரிசையில் ஒரு பெரியவர், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வியாபாரம் பார்த்தவர், நிகழ்ச்சி முடிந்ததும் என்னிடம் வந்தார். "ஏனுங்க சார், அந்த ஆளு திட்டி எழுதினது சரிதானுங்களே?" என்றார். நக்கல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் ஒரு முடிவுக்கு வந்தேன். முதல் முறை கேட்கிறவர்கள் நிறையப் பேர் இருந்தால் ஷோபான், சைக்கோவ்ஸ்கி, பீத்தோவனோடு நிறுத்திக்கொள்வது. விமரிசகர் பக்கம் சாய்கிற கூட்டத்தை வைத்துக்கொண்டு விமரிசகரைக் கேலி செய்ய முடியாது.

விமரிசகர் சிரிக்காமல் பேச வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு ஐரோப்பாவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. தருமி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1965-ல் வந்த திருவிளையாடல் படத்தில் நாகேஷ் தருமியாக வந்து போட்ட போடு தெரியாதவர்கள் இல்லை. அந்தக் காட்சியில் நக்கீரராக நடித்தவர் படத்தின் இயக்குநர் ஏ.பி. நாகராஜன்தான், நம் சங்ககிரிப் பக்கத்து அக்கம்மாபேட்டைக்காரர். அவர் முகத்தைக் கவனித்துப் பாருங்கள், ஒரு இடத்தில்கூட இளக்கம் இருக்காது. அவர் அப்படி விறைப்பாக நிற்பதால்தான் தருமியின் தவிப்பு நமக்குச் சிரிப்பாகிறது. இன்னொரு பொருத்தம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. அங்கே சண்டைக்குக் காரணமான பாட்டு குறுந்தொகையில் இருக்கும் "கொங்குதேர் வாழ்க்கை". பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்பதுதான் வழக்கு. தமிழின் புகழ்பெற்ற விமரிசனச் சண்டையும் வாசனை பற்றியது, வியன்னாவின் புகழ்பெற்ற விமரிசனமும் வாசனை பற்றியது!

இதை மேடையில் பயன்படுத்தலாம். ஹான்ஸ்லிக்கின் வாசகத்தை மொழிபெயர்க்கும்போது "துர்நாற்றம்" என்று போடாதீர்கள், சிரிப்பு செத்துவிடும். "காதுக்கு நாறுகிறது" என்றே வையுங்கள். அப்படி வைத்தால் பக்கத்தில் நிற்கிறவர், "எப்படிங்க சாமி, ஆண்டாள் கருப்பூரம் நாறுமோன்னு கேட்டாங்களே, அந்த மாதிரி மணக்குதுங்களா?" என்று கேட்க வழி கிடைக்கும். நாற்றம் என்றால் முன்பு நறுமணம் என்று தெரிந்த பாதிப் பேர் உடனே சிரிப்பார்கள், மீதிப் பேர் அவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

பக்கத்தில் நிற்கிறவர் என்று சொன்னேனே, அவர் யார்? கட்டியங்காரன். சேலம் ஜில்லாவில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவனை அறிமுகப்படுத்த வேண்டாம். ராஜா வேஷம் திரைக்குப் பின்னாலிருந்து வந்ததும் "யாரு சாமி நீங்க, எந்த தேசம்?" என்று கேட்டு, வந்தவரே தன் கதையைச் சொல்லும்படி செய்கிறவன். இந்த மாதிரி நிகழ்ச்சியில் பெரிய தலைவலி தகவல் சொல்வதுதான். யார், எந்த வருஷம், எந்த ஊர் என்று ஒருவர் மைக்கில் விளக்க ஆரம்பித்தால் வகுப்பறை ஆகிவிடும். கட்டியங்காரனை விட்டால் அந்த வேலை கேள்வி பதிலில் முடிந்துவிடும். "பத்திரிகையில எழுதுறீங்களா? அப்ப வயலின் வாசிக்கத் தெரியுங்களா?" என்று அவன் கேட்கலாம். விமரிசகர் பதில் சொல்லாமல் தொண்டையைச் செருமினால் போதும்.

விமரிசகரை மேடைக் கோமாளி ஆக்குவது புதுசு ஒன்றும் இல்லை. ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர் இதே ஹான்ஸ்லிக்கைக் குறிவைத்தார். 1868-ல் மியூனிக்கில் அரங்கேறிய அவருடைய நியூரம்பெர்க் பாடகர்களைப் பற்றிய இசைநாடகத்தில் பெக்மெஸர் என்று ஒரு பாத்திரம். பாடுகிறவன் செய்யும் தவறை எல்லாம் சாக்பீஸால் பலகையில் குறிப்பது அவர் வேலை. 1861-ல் எழுதிய வரைவில் அந்தப் பாத்திரத்துக்கு வாக்னர் வைத்திருந்த பெயர் ஹான்ஸ்லிஷ். இது உறுதி. 1862-ல் வியன்னாவில் ஒரு வீட்டில் அதை வாசித்துக் காட்டியபோது கேட்டுக்கொண்டிருந்த ஹான்ஸ்லிக் முகம் வெளுத்துக் கிளம்பிப் போனார் என்பது வாக்னர் தன் சுயசரிதையில் சொல்கிற கதை. எதிராளி சொன்னது, அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். நாடகத்தில் உங்களுக்கு உதவுவது வேறு இடம். முதல் அங்கத்தில் கதாநாயகன் பாட்டில் பலகை நிறையத் தப்புக் கண்டுபிடித்த பெக்மெஸர், இரண்டாம் அங்கத்தில் ராத்திரி ஒரு பெண்ணின் ஜன்னலுக்குக் கீழே நின்று தானே பாட வேண்டி வருகிறது. அங்கே செருப்புத் தைக்கிற ஹான்ஸ் சாக்ஸ் அவருடைய ஒவ்வொரு தப்புக்கும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுகிறார். பாட்டு முடிவதற்குள் செருப்பு தயார். இதைவிட நல்ல மேடை உத்தியை நான் பார்த்ததில்லை. நாங்கள் இரண்டு தடவை சுட்டோம், கட்டியங்காரன் கையில் செருப்புக்குப் பதிலாகத் தட்டுவடைத் தட்டைக் கொடுத்து. பெக்மெஸர் பாத்திரத்தில் வாக்னரின் யூத வெறுப்பும் கலந்திருக்கிறதா என்று ஆய்வாளர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். ஹான்ஸ்லிக்கின் தாய் யூத வம்சத்தில் வந்தவர். அதனால் விமரிசகரின் மூக்கு, நிறம், பேச்சு இதையெல்லாம் தொடாதீர்கள். அவர் எழுதியது போதும்.

பியானோ கிடைத்தால் ஷோபானுக்கு லுட்விக் ரெல்ஷ்டாப் கொடுத்ததை அவசியம் வையுங்கள். பெர்லினில் பத்திரிகை நடத்தியவர். ஷோபானின் முதல் எட்டியூட் தொகுதி, அதாவது பியானோ பயிற்சித் துண்டுகளின் தொகுதி, வந்தபோது அவர் சொன்னதன் சாரம்: விரல் கோணலாக இருக்கிறவர்கள் இதை வாசித்தால் நேராகிவிடும், நேரான விரல் உள்ளவர்கள் பக்கத்தில் ஒரு சர்ஜனை வைத்துக்கொள்ளாமல் வாசிக்க வேண்டாம். இதை நாங்கள் அப்படியே செய்தோம். ஒரு பெண் முதல் எட்டியூடை வாசிக்க உட்கார்ந்தாள். வலது கை கீபோர்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய துண்டு அது. பக்கத்தில் ஒரு சின்னப் பையன் முதலுதவிப் பெட்டியைத் திறந்து, பஞ்சைக் கையில் எடுத்துத் தயாராக நின்றான். அவள் வாசிக்க வாசிக்க அவன் மெதுவாகப் பஞ்சைத் திரும்ப வைத்தான், கத்தரியை வைத்தான், கடைசியில் பெட்டியைச் சத்தமில்லாமல் மூடினான். ஒரு வசனமும் கிடையாது. அந்தப் பையன் இப்போது நிஜமாகவே டாக்டர், ஆனால் அது வேறு கதை. ரெல்ஷ்டாப்பை மட்டமாக நினைக்க வேண்டாம். பீத்தோவனின் ஒரு பியானோ சொனாட்டாவுக்கு "நிலாவெளிச்சம்" என்ற பெயர் வரக் காரணமானவர் அவர்தான். அவர் கவிதைகள் சிலவற்றுக்கு இசையமைப்பாளர் ஷூபர்ட் மெட்டமைத்தார். நல்ல காது உள்ளவர்தான் இப்படித் தப்பினார் என்பதைக் கட்டியங்காரன் ஒரு வரியில் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும்.

பீத்தோவனின் இரண்டாம் சிம்பொனிக்கு 1804-ல் வந்த விமரிசனமும் தேறும். குத்துப்பட்ட டிராகன் சாக மாட்டேன் என்று நெளிந்து, கடைசிப் பகுதியில் ரத்தம் சொட்டச் சொட்ட வாலைத் தூக்கி அடிக்கிறது என்று எழுதினார்கள். கடைசிப் பகுதி ஆரம்பமே விக்கல் மாதிரிதான் இருக்கும். முழு இசைக்குழு வேண்டாம், இரண்டு பேர் ஒரே பியானோவில் வாசித்தால் போதும்.

இப்போது நான் சொல்லப்போவது உங்களுக்கு விநோதமாகத் தோன்றலாம். நகைச்சுவையாக எழுதிய விமரிசகர்களைச் சேர்க்காதீர்கள். பெர்னார்ட் ஷா லண்டனில் இசை விமரிசகராக இருந்தவர். இசையமைப்பாளர் பிராம்ஸின் ரெக்வியத்தை, அதாவது இறந்தவர்களுக்கான இசையை, பிணம்தான் பொறுமையாகக் கேட்கும் என்று எழுதியவர். படிக்கும்போது பிரமாதம். மேடையில் வாசித்தால் கைத்தட்டல் முழுக்க ஷாவுக்குப் போய்விடும், பிராம்ஸ் அடிபட்டுக் கிடப்பார். எங்கள் இரண்டாவது தோல்வி அதுதான். கல்கிக்கும் இதே கதி. அவர் ஆனந்த விகடனில் "கர்நாடகம்" என்ற பெயரில் ஆடல் பாடல் பகுதியில் எழுதியவற்றில் சிரிப்பு ஏற்கெனவே வெந்து பக்குவமாக இருக்கிறது, மறுபடி அடுப்பில் வைத்தால் அடிப்பிடிக்கும். ஷா பிற்பாடு, 1936-ல், பிராம்ஸைப் பற்றித் தான் எழுதியது அவசரத்தில் எழுதிய அசட்டுத்தனம் என்று ஒப்புக்கொண்டார். அந்த மன்னிப்பை வேண்டுமானால் மேடையில் வாசிக்கலாம்.

திட்டு வாங்கியவர்களே அதை நாடகமாக்கியதும் உண்டு. ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி 1870-ல் தன்னைக் கரித்துக்கொட்டிய விமரிசகர்களையும் பண்டிதர்களையும் ஒவ்வொருவராக நையாண்டி செய்து ஒரு பாட்டு எழுதினார். ரயோக் என்று பெயர், திருவிழாவில் காசு கொடுத்துப் பெட்டிக்குள் படம் பார்ப்போமே, அந்த பயாஸ்கோப் பெட்டிதான். எண்பது வருஷம் கழித்து அதே உத்தியை சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் எடுத்துக்கொண்டார். அவருடைய இசைநாடகத்தை 1936 ஜனவரியில் கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகை பிராவ்தா "இசைக்குப் பதிலாகக் குழப்பம்" என்று தாக்கியது, 1948-ல் கட்சியே தீர்மானம் போட்டது. அந்தக் காலத்தில் அங்கே கெட்ட விமரிசனம் என்றால் ராத்திரி கதவு தட்டப்படலாம் என்று அர்த்தம். கலை எப்படி இருக்க வேண்டும் என்று தலைவர்கள் செய்த பிரசங்கங்களை அவர் அப்படியே கிண்டல் நாடகமாக எழுதினார். ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர் ஆசாமிகள் வந்து பேசிவிட்டுப் போவார்கள். பொதுமேடை ஏறியது 1989-ல், அவர் இறந்து பதினான்கு வருஷம் கழித்து. இதை உங்கள் நிகழ்ச்சியில் சேர்ப்பது கஷ்டம், ஆனால் நடிக்கிறவர்களுக்கு ஒத்திகையில் சொல்லுங்கள். வாசிக்கிற குரல் மாறும்.

இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினோவ் விஷயத்தில் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. 1897-ல் அவருடைய முதல் சிம்பொனியைக் கேட்ட விமரிசகர் சேசர் குயி, நரகத்தில் ஓர் இசைக் கல்லூரி இருந்து அங்கே ஒரு கெட்டிக்கார மாணவன் எழுதினால் இப்படித்தான் இருக்கும், நரகவாசிகள் சொக்கிப்போவார்கள் என்று எழுதினார். எமலோகக் காட்சியாகப் போட்டால் நம் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனால் ராக்மனினோவுக்கு அப்போது இருபத்துநான்கு வயதுகூட நிரம்பவில்லை. அதற்கப்புறம் மூன்று வருஷம் பெரிதாக எதையும் எழுத முடியாமல் கிடந்து, மனநல வைத்தியரிடம் போய்த்தான் எழுந்தார். அந்த சிம்பொனி மறுபடி மேடை ஏறியது 1945-ல், அவர் இறந்த பிறகு. இதைச் சொல்லாமல் சிரிக்க வைப்பது சரியாகப் படவில்லை, சொன்னால் சிரிப்பு வராது. இசைக்குழுவை நடத்திய கிளாஸுனோவ் அன்று குடித்திருந்தார் என்று ஒரு பேச்சு உண்டு. அது வதந்தி, மேடைக்கு வேண்டாம். அதேபோல, மொஸார்ட்டிடம் சக்கரவர்த்தி "ஸ்வரங்கள் ஜாஸ்தி" என்று சொன்னதும் பிற்காலத்தில் எழுதிவைத்த கதை. வாக்னரின் இசை காதுக்குத் தோன்றுகிற அளவுக்கு மோசமில்லை என்ற நக்கல் வரியை மார்க் ட்வெயின் தலையில் கட்டுவார்கள். ட்வெயினே அது நகைச்சுவை எழுத்தாளர் பில் நை சொன்னது என்று எழுதியிருக்கிறார்.

நிகோலாஸ் ஸ்லோனிம்ஸ்கி 1953-ல் தொகுத்த வசை அகராதிதான் இந்த வேலைக்கு எல்லாரும் போகிற கிணறு. பின்னால் வசைச்சொல் அட்டவணையே இருக்கிறது, எந்தத் திட்டை யாருக்குக் கொடுத்தார்கள் என்று தேடலாம். ஆனால் அவர் எடுத்துக்கொண்டது வசையை மட்டும். முழு விமரிசனத்தில் பக்கத்து வரியில் பாராட்டு இருக்கலாம், மேலே சொன்ன ஹான்ஸ்லிக் மாதிரி.

கர்நாடக சங்கீதம் பற்றிக் கேட்டீர்கள். உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றிய விமரிசனம் வேண்டவே வேண்டாம். ஒரு தடவை ஒரு பாடகர் பெயர் சொல்லாமல் பழைய விமரிசனம் ஒன்றை வாசித்தோம். பெயர் சொல்லாவிட்டாலும் மூன்றாம் வரிசையில் இருந்த அவருடைய உறவுக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது, எழுந்து போய்விட்டார்கள். நியாயம்தான். சங்கீத விமரிசகர் சுப்புடு எழுதியவற்றை எல்லாரும் ஆசையாகக் கேட்பார்கள், ஆனால் அவர் கை பட்டவர்கள் பலர் இன்றும் பாடுகிறார்கள், அவர்கள் சிஷ்யர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நம் பக்கத்துச் சரக்கு வேண்டும் என்றால் பழைய தனிப்பாடல் ஒன்று இருக்கிறது. தப்பாகப் பாடினால் குட்டுவதற்குப் பிள்ளைப்பாண்டியன் இல்லை, காதைக் குடைந்து அறுப்பதற்கு வில்லி இல்லை, தலையை வெட்ட ஒட்டக்கூத்தன் இல்லை, அப்புறமென்ன, தேசமெங்கும் புலவர் என்று திரியலாமே என்று முடியும். அதைக் கட்டியங்காரன் வாயில் முதலிலேயே வைத்துவிடுங்கள். விமரிசகன் என்றால் யார் என்று கூட்டத்துக்கு உடனே புரிந்துவிடும்.

சட்ட விஷயம் எனக்குத் தெரிந்தவரை: நம் நாட்டில் எழுதியவர் இறந்து அறுபது வருஷம் வரை காப்புரிமை. ரெல்ஷ்டாப், ஹான்ஸ்லிக், ஷா, கல்கி எல்லாரும் அந்த எல்லையைத் தாண்டிவிட்டார்கள். சுப்புடு காலமானது 2007-ல், ஸ்லோனிம்ஸ்கி 1995-ல், அவர்கள் தாண்டவில்லை. மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு என்பதால் ஸ்லோனிம்ஸ்கியின் ஆங்கிலத்தை அப்படியே தமிழாக்காமல், ஜெர்மன் தெரிந்தவரை வைத்து மூலத்திலிருந்து செய்வது உத்தமம். அமெச்சூர் குழு டிக்கெட் வசூலிக்காமல் நடத்தினால் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. டிக்கெட் போடுவதாக இருந்தால் வக்கீலைக் கேளுங்கள்.

கடைசியாக, மலைமேல் வாடகைக்குக் கிடைக்கிற பழைய பியானோவை நம்பி ஏறாதீர்கள். ஈரத்தில் கட்டைகள் ஊறி, அழுத்தின கீ மேலே வராது. இரண்டு நாள் முன்னாலேயே போய், கீழ்ப்பலகையைக் கழற்றி உள்ளே ஒரு நாற்பது வாட் குண்டு பல்பைத் துணியில் படாமல் தொங்கவிட்டு எரிய விடுங்கள். கோடை விழா நாள்களையும் தவிர்த்துவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி நகராது, உங்கள் ஹான்ஸ்லிக் பாதி வழியில் நிற்பார்.